துரைசானியோடு சேற்றுக் கரையில்

கல்யாணமாகி நான் பினாங்குக்கு வந்த புதிதில், என் கணவர் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தார். அவருடைய துரையின் மனைவிக்குப் பறவைப் பைத்தியம். அக்கரைச் சேற்றில் வந்து மேயும் பறவைகளைப் பார்க்க, இங்கிலீஷ் தெரிந்த பெண் ஒருத்தி துணைக்கு வேண்டும் என்றாளாம். நான் கன்னியர் பள்ளிக்கூடத்தில் படித்தவள். இவர் என்னைக் கேட்காமலே தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

"பறவையப் பார்க்க இங்கிலீஷ் எதுக்குங்க?" என்றேன்.

"அவங்க பேசுவாங்க, நீ யெஸ்னு சொல்லணும். அவ்வளவுதான் லா."

சனிக்கிழமை மத்தியானம் துரைசானி, இவர், நான் மூவரும் சம்பானில் அக்கரை போனோம். படகை ஓட்டியவர் நாகூர்ப் பக்கத்து முஸ்லிம் அண்ணன் ஒருவர். கடல் வற்றிக் கிடந்தது; ஓடை வழியாகக் கரையோரம் போன படகு சேற்றில் தட்டி நின்றது. கண்ணுக்கு எட்டிய மட்டும் சேறு. அதன் விளிம்பில், வெகு தூரத்தில், மிளகு சிதறியது போலப் பறவைகள். பேசக்கூடாது, அசையக்கூடாது என்பது துரைசானியின் கட்டளை. இவர் உடனே தும்மினார்.

தூரக்கண்ணாடி போதவில்லையென்று துரைசானி சேற்றில் இறங்கி நடந்தாள். நல்ல கனத்த சரீரம். பத்தடி போவதற்குள் முழங்கால்வரை புதைந்துவிட்டாள். நாங்கள் பதறி எழுந்தோம். அவளோ உதட்டில் விரலை வைத்து எங்களை உட்காரச் சொன்னாள்.

அந்நேரம் கடல் ஏறத் தொடங்கியது. தண்ணீர் ஏற ஏற, பறவைகளும் கரையை நோக்கி ஒதுங்கி வந்தன.

"அக்கா, தண்ணி ஏறுது. அந்தம்மாவ வரச் சொல்லுங்க," என்றார் படகுக்காரர்.

சொன்னேன். "ஷ்! அவை என்னிடம்தான் வருகின்றன," என்றாள் துரைசானி, இங்கிலீஷில், கிசுகிசுப்பாக.

அரிவாள்போல வளைந்த அலகுள்ள பறவை ஒன்று அவளுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. சேற்றுக்குள் அலகை முழுக்க விட்டு ஒரு நண்டை இழுத்தது. அதை உதறி, கால்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு, உடம்பை விழுங்கியது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீங்களுமா அக்கா?" என்றார் படகுக்காரர்.

"உள்ளான் சாதி போலிருக்கே. மிளகு போட்டு வறுத்தா நல்லாயிருக்கும்," என்றார் இவர்.

"உன் கணவர் என்ன சொல்கிறார்?" என்றாள் துரைசானி.

"மிக அழகு என்கிறார்."

தண்ணீர் அவள் இடுப்பைத் தொட்டபோதுதான் காலை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. இவர் "மாதாவே" என்று சிலுவை போட்டுக்கொண்டார். நல்லவேளை, அதே தண்ணீரில் படகும் மிதந்தது. அவளருகே கொண்டுபோய், மூவருமாக அவள் கைகளைப் பிடித்து இழுத்தோம். பூட்சுகளைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு, அவள் எங்கள் மூவர்மேலும் வந்து விழுந்தாள். பறவைகள் மொத்தமாக எழும்பிப் பறந்தன.

"எல்லாவற்றையும் விரட்டிவிட்டீர்கள்," என்றாள், முகத்துச் சேற்றை வழித்தபடி. இவர் மன்னிப்புக் கேட்டார்.

திங்கட்கிழமை துரை இவரைக் கூப்பிட்டு, பறவைகளை ரசிக்கத் தெரிந்த கிராணி கிடைப்பது அபூர்வம் என்று புகழ்ந்து, இனி வாராவாரம் போய்வரச் சொன்னாராம்.

"எனக்கு எப்படி இந்தப் பேர் வந்துச்சுன்னே தெரியல," என்றார் இவர். நான் அடுப்பை ஊதப் போய்விட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அவருக்கு வயிற்றுவலி வந்துவிட்டது. நான் போனேன். படகு நின்றதும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, துரைசானிக்கு முன்னால் சேற்றில் இறங்கினேன்.