கொழும்பில் கண்ட செவ்வாய்க்காரன்

கொழும்பில் பேய்ப்படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே வருகிறார்கள். இந்த ஊருக்கு வந்து மூன்று வருஷம் ஆகியும் எனக்கு இது பழகவில்லை. கல்லறையைப் பெயர்த்துக்கொண்டு ஒரு பிணம் எழுந்து வந்து நான்கு பேரைக் கழுத்தை நெரித்திருக்கிறது. இவர்களோ வாசலில் நின்று ஆளுக்கொரு பிளேன்டீ குடித்து, தோளில் தட்டிக்கொண்டு, பஸ் பிடித்து வீட்டுக்குப் போகிறார்கள். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஊரில் நாங்கள் கொட்டகையிலிருந்து திரும்பினால் காலைக் கழுவி, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்ட பிறகுதான் உள்ளே நுழைவோம். இங்கே நான் தங்கியிருக்கும் அறை வாசலில் தண்ணீர்க் குழாய் இல்லை. கைக்குட்டையால் காலைத் துடைத்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று பார்த்துக்கொண்டு உள்ளே போவேன்.

எனக்கு வேலை புறக்கோட்டையில், ஒரு மொத்த வியாபாரக் கடையில் கடிதம் எழுதும் குமாஸ்தா. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான்தான் என்பதால், எழுதிப் பிழைப்பது எனக்கு இன்னும் ஆச்சரியமாகவே இருக்கிறது. சனிக்கிழமை அரைநாள். அன்று மாட்னி காட்சிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போவது பக்கத்து மேசைக்காரரான யாழ்ப்பாணத்துச் செல்லத்துரை. சேர்ந்த முதல் நாள் நான் நான்கு வாக்கியம் பேசுவதைக் கேட்டுவிட்டு, "தம்பி கொச்சியோ?" என்றார். இங்கே கொச்சி என்றால் மலையாளி. இல்லை, தமிழ் என்றேன். "உம்மட தமிழ் பாட்டுப் படிக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார். தக்கலை திருவாங்கூர்–கொச்சி ராஜ்யத்தில் இருக்கிறது, ஆனால் நாங்கள் பேசுவது தமிழ்தான், தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஊரில் கிளர்ச்சிகூட நடக்கிறது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஓம், விளங்குது. மலையாளத் தமிழர்" என்றார். அதற்குமேல் விளக்க எனக்குத் தெம்பில்லை.

நாங்கள் பார்ப்பது எல்லாம் மலிவான இங்கிலீஷ் படங்கள். பேய்ப்படம், ராட்சதப் பூச்சிப் படம், வேறு கிரகத்திலிருந்து ஆள் வரும் விஞ்ஞானப் படம். செல்லத்துரை அவற்றைப் பகிடிக்காக, கேலி செய்து சிரிப்பதற்காகப் பார்க்கிறார். பறக்கும் தட்டைத் தாங்கும் நூல் தெரிந்தால் அவருக்குக் கொண்டாட்டம். என் கட்சி வேறு. இந்தப் படங்கள்தாம் உண்மையாகப் பயமுறுத்தத் தெரிந்தவை என்று நான் நம்புகிறேன். பெரிய கம்பெனிக்காரன் பூதத்தை முதல் ரீலிலேயே கொண்டுவந்து, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டிவிடுகிறான். சின்னக் கம்பெனிக்காரனிடம் நல்ல பூதம் கிடையாது. அதனால் அவன் கதவைக் காட்டுகிறான், கதவுக்கு அடியில் ஒரு நிழலைக் காட்டுகிறான், நாய் குரைத்துவிட்டுச் சட்டென்று நிறுத்துவதைக் காட்டுகிறான். மற்றதை நாமே செய்துகொள்கிறோம். எங்கள் பக்கத்து மாடன் கோயில்களில் மாடனுக்கு முகம் உண்டா? செங்கல் அடுக்கி வெள்ளையடித்த கூம்புப் பீடம்தானே நிற்கிறது! அதன் முன்னால் உரக்கப் பேச யாருக்காவது துணிச்சல் வருமா? நூல் தெரிவதை நான் மன்னிப்பேன். எந்தக் கிரகத்துக்குப் போனாலும் அதே மொட்டைக் குன்று வருவதையும் மன்னிப்பேன். படத்துக்கு நடுவே கரும்பலகையும் சாக்குக்கட்டியுமாக வந்து எல்லாவற்றையும் விளக்குகிறானே ஒரு விஞ்ஞானி, அவனை மட்டும் மன்னிக்கமாட்டேன்.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது அப்பாவின் வண்டியில். அப்பா மாட்டுவண்டிக்காரர். குளச்சலிலிருந்து தக்கலைக்குச் சரக்கு ஏற்றுவார். டூரிங் கொட்டகை வரும் காலத்தில் படப்பெட்டிகளையும் ஏற்றுவார். பெட்டியில் என்ன படம் என்று என்னைத்தான் வாசித்துச் சொல்லச் சொல்வார். பேய்ப்படம் என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். வண்டியை நிறுத்தி இறங்கினார். மடியிலிருந்து திருநீறை எடுத்துத் தகரப்பெட்டிக்கு மூன்று பட்டை போட்டார். "எலே, இது உள்ள கெடந்து மாட்டப் பயங்காட்டுனா யாரு பதில் சொல்லுவா?" என்றார். கொட்டகைக்காரன் பெட்டியைத் திறந்தபோது திருநீறு சிந்தி, அன்றைய ஆட்டத்தில் பேய் முகமெல்லாம் கரும்புள்ளியோடு வந்தது. அன்று அது இன்னும் பயங்கரமாக இருந்தது.

அம்மை நான் சிறுவனாக இருக்கும்போதே போய்விட்டாள். என்னை வளர்த்தது பகவதி அக்கா. அவள் மூன்றாம் வகுப்போடு நின்றாள், நான் தொடர்ந்தேன். அவளுக்கு ஜாதகத்தில் செவ்வாய் தோஷம். செவ்வாய் உள்ள பெண்ணுக்குச் செவ்வாய் உள்ள பையன்தான் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்படி ஒருவன் கிடைக்காமல் அவளுக்கு வயது இருபத்தேழு ஆகிவிட்டது. வீட்டுக்கு நான் எழுதும் கடிதங்களை அவள்தான் எழுத்துக் கூட்டி அப்பாவுக்கு வாசிப்பாள். மிளகாய் மூட்டையைப் பற்றி எத்தனை கடிதம் எழுதுவது? பார்த்த படங்களைப் பற்றி எழுதுவேன்.

போன ஆடி மாதத்தில் ஒரு படம் பார்த்தேன். செவ்வாய்க் கிரகத்திலிருந்து ஒருவன் தவறிப்போய் அமெரிக்காவில் ஒரு சோளக்காட்டில் இறங்குகிறான். படம் கறுப்பு வெள்ளை. அவன் பச்சை நிறம் என்று வாசலில் ஒட்டியிருந்த போஸ்டர் சொன்னது. தலையில் கண்ணாடிக் குடுவை. முதுகில் ஜிப்பு தெரிந்ததும் செல்லத்துரை பெஞ்சைத் தட்டிச் சிரித்தார். நான் அவன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரப்பர் உடுப்பு அங்கே சுருங்கி, நடக்கவிடாமல் பிடித்தது. அந்த நடையோடு வீடு வீடாக ஏறி இறங்கினான். அன்றே எழுதினேன்: "சனிக்கிழமை ஒரு செவ்வாய்க்காரனைப் பார்த்தேன். பச்சை நிறம். எந்நேரமும் குடுவையும் தலையுமாக இருக்கிறான். சொந்தக்காரர் யாரும் பக்கத்தில் இல்லை. வீடு தேடி அலைகிறான். பயம் வரவில்லை, பாவமாக இருந்தது. எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று." எப்போதும் படத்தைப் பற்றித்தானே எழுதுகிறேன் என்ற நினைப்பில் 'படத்தில்' என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டேன்.

அக்காவின் பெரிய பெரிய எழுத்தில் பதில் வந்தது. "அப்பா சொல்ல எழுதுவது. செவ்வாய்க்காரன் விவரம் கண்டு மிகவும் சந்தோஷம். ஊர், குடும்பம், நட்சத்திரம் எழுதவும். பச்சை என்றால் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் நடுவிலா? குடுவையும் தலையுமாக இருக்கிறான் என்று எழுதியிருக்கிறாய். குடி உண்டென்றால் தினமுமா, சம்பள நாளில் மட்டுமா? வீடு தேடுவதால் சொந்த வீடு இல்லை என்று தெரிகிறது. அது பரவாயில்லை."

முதலில் சிரித்தேன், பிறகு உட்கார முடியவில்லை. செவ்வாய் என்பது கிரகம், இது சினிமா, அவன் ரப்பர் என்று, அந்தச் சாக்குக்கட்டி விஞ்ஞானியைப்போலப் படமெல்லாம் போட்டு விளக்கி அனுப்பினேன். அதற்கு அக்கா தனியாக எழுதிய கடிதம் வந்தது. அவள் எனக்காகவென்று எழுதிய முதல் கடிதம் அதுதான்.

"மக்கா, உன் கடிதத்தை அப்பாவுக்கு மாற்றி வாசித்துவிட்டேன். முதல் கடிதத்தை வாசிக்கத் தொடங்கும்போது எனக்கும் புரியவில்லை. குடுவை என்ற இடம் வந்ததும் இது படம் என்று புரிந்தது. சொல்லலாம் என்று அப்பா முகத்தைப் பார்த்தேன், சொல்லவில்லை. திங்கள்சந்தை வெற்றிலைக் கடைக்காரருக்கு என்னை முடிக்கப் பார்க்கிறார்கள். நாற்பத்தாறு வயது. முதல் பெண்டாட்டி செத்துவிட்டாள். இரண்டாமவள் அடி தாங்காமல் தாய்வீட்டுக்குப் போனவள், பிறகு அவளும் செத்தாள். ரெண்டு பேரு போயாச்சு, இனி செவ்வாய் வந்து என்னத்தைக் கெடுக்கும் என்று தரகன் சிரிக்கிறான். தை மாதத்துக்குள் முடிக்க வேண்டும், இல்லையென்றால் வேறு இடம் பார்ப்போம் என்று நிற்கிறார்கள். கொழும்பில் பையன் இருக்கிறான் என்றதும் அப்பா பேச்சை நிறுத்தி வைத்திருக்கிறார். தை கழிகிற வரைக்கும் செவ்வாய்க்காரனைக் கொழும்பில் வைத்திரு. கொண்டுவரவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம்."

அதன் பிறகு ஆறு மாதம் நான் படம் பார்த்தது பொழுதுபோக்குக்காக அல்ல. ஒரு மாப்பிள்ளையைச் சேகரிப்பதற்காகப் போனேன். ஒரு படத்திலிருந்து அவனுக்குப் பொறுமை எடுத்தேன். இன்னொன்றிலிருந்து வேலை: வானத்தைப் பார்த்து மழை சொல்லும் ஆபீஸ். போட்டோ கேட்டு அப்பா எழுதும்போதெல்லாம் அவனை ஊருக்கு வெளியே எங்காவது அனுப்பினேன். கையில் பூதமே இல்லாமல் பாதிப் படம் வரை வந்துவிட்ட டைரக்டருக்கு எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது. ஒவ்வொரு கடிதத்தையும் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, கையை உள்ளே விட்டு எடுக்க முடியுமா என்று பார்ப்பேன். நான் பொய் சொல்வது, வாசிக்கத் தெரியாத என் அப்பாவிடம். கொட்டகையில் பாதியில் எழுந்து வெளியே போய்ச் சுவரோரம் நடப்பேன். செல்லத்துரை பின்னாலேயே வந்து, "என்ன காணும், பேயைக் கண்டு சிரிக்கிறதும் இல்லை, இருந்து பார்க்கிறதும் இல்லை?" என்றார். சொன்னேன். கவனமாகக் கேட்டவர், "எங்கட ஊரில உண்மையாவே ஒரு பொடியன் இருக்குது, எட்டில செவ்வாய்" என்றார். நான் வாயைத் திறக்குமுன்னே அவரே யோசித்து, "சீ, உங்கட ஆக்கள் மலையாளமெல்லோ, சரிவராது" என்று முடித்துவிட்டார்.

மாசியில் லீவு கிடைத்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ரயிலும் பஸ்ஸும் மாறித் தக்கலையில் இறங்கி வீட்டுக்குப் போனபோது நடுப்பகல். அப்பா மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தார்.

"அவன் வரல்லியா?"

நான் பையைக் கீழே வைத்தேன். அக்காதான் அடுக்களையிலிருந்து வந்தாள். "அவன் வரமாட்டான்பா. அப்பிடி ஒருத்தன் இல்ல. இவன் பாத்த படத்த எழுதுனான், நான் மாத்தி வாசிச்சேன். தை கழியட்டுன்னு."

"எலே, நீயும் கூட்டா?"

"ஆமாப்பா."

"எனக்க மருமவன் வானத்தப் பாத்து மழை சொல்லுக ஆளுன்னு சந்தைல நாலு பேருகிட்ட நெஞ்ச நிமித்திச் சொன்னேனேலே!" கயிற்றைக் கீழே போட்டார். பிறகு அக்காவிடம் திரும்பினார். "ஏட்டி, வேண்டாமுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்ன?"

"சொன்னேன்பா. நாலு தடவ சொன்னேன். நீங்க கேக்கல்ல. செவ்வாய்க்காரன்னு வாசிச்சப்பம்தான் காது குடுத்திய."

அப்பா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியபடி, யாரிடமும் இல்லாமல் சொன்னார்: "வெத்தலக்கடைக்காரன் கருங்கல் பக்கம் ஒருத்திய முடிச்சாச்சு. ஒரு மாசம் ஆவல்ல, அவ கண்ணு வீங்கி அம்மை வீட்டுல வந்து நிக்கா." இன்னொரு வாளி தண்ணீர் ஊற்றினார். "இனி சாதகத்தத் தூக்கிக்கிட்டு நான் எவன் வாசலுக்கும் போவமாட்டேன். இவ தலையாட்டுனா பாப்போம். இல்லன்னா இங்கன கெடந்து என்ன ஏசிக்கிட்டு இருக்கட்டு." அக்கா உள்ளேயிருந்து, "ஏசத்தான் செய்வேன்" என்றாள்.

பிறகுதான் அப்பா என்னைக் கேட்டார். "அந்தப் பச்சைக்காரன்... கடைசீல அவனுக்கு வீடு கெடச்சுதா?"

"இல்லப்பா. ஒரு குன்றுமேல வச்சு போலீசு சுட்டுட்டு."

"என்னத்துக்கு? அவன் என்ன செஞ்சான்?"

"ஒண்ணும் செய்யல்ல. வழி கேட்டான். அவன் பேசுனது அவங்களுக்கு வெளங்கல்ல."

அப்பா மாட்டின் கழுத்தைத் தடவினார். "உன்ன அங்கன ஆரும் ஒண்ணும் சொல்லல்லியே மக்கா?" என்றார். இல்லை என்றேன்.

லீவு முடிந்த நாளில் அக்கா தக்கலை வரைக்கும் கூட வந்தாள். சந்தைக்குப் பக்கத்தில் டூரிங் கொட்டகை போட்டிருந்தார்கள். பஸ் நிற்கும் இடத்துச் சுவரில் போஸ்டர். எங்கெங்கோ ஓடித் தேய்ந்த அதே படம், ஒரு வழியாக இங்கே வந்து சேர்ந்திருந்தது. வெயிலில் மஞ்சள் போய், பச்சை உடம்பு நீலமாகியிருந்தது. நான் சொல்லாமலே அக்கா அதன் முன்னால் போய் நின்றாள்.

"இவந்தானா?"

"இவந்தான்."

"பச்சைன்னு எழுதுன. சாமி நெறமாட்டு இருக்கான்." குடுவையை உற்றுப் பார்த்தாள். "மூஞ்சி கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. நான் இத்தன நல்லா வாசிக்கல்ல." பிறகு, "கொழும்புல பொம்பளையளும் படம் பாக்க வருவாவளா?" என்றாள். வருவார்கள் என்றேன். "அப்பம் ஒருக்க எனக்கும் காட்டு." இப்போது சட்டம் மாறிவிட்டது, பாஸ்போர்ட் வேண்டும், பெர்மிட் வேண்டும், என்னுடையதே ஏழு மாதத்தில் முடிகிறது, புதுப்பிப்பார்களா தெரியாது என்று சொன்னேன்.

"எனக்கு என்னத்துக்குலே பெர்மிட்டு? நான் என்ன செவ்வாய்லேருந்தா வாறேன்?" என்றவள், சொன்னது தன் காதிலேயே விழுந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பஸ் வந்தது. ஜன்னலோரம் இடம் பிடித்துத் திரும்பிப் பார்த்தேன். அக்கா சுவரோரமே நின்றிருந்தாள். அவள் தோளுக்குப் பக்கத்தில் அவன், குடுவையும் தலையுமாக. இரண்டு பேரும் சேர்ந்து என்னை வழியனுப்புவதுபோல இருந்தது. எத்தனையோ வீட்டில் கேட்டுக் கிடைக்காமல் அவன் தக்கலைக்கு வந்துவிட்டான். நான் பெர்மிட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன்.