கருப்பையா ஆசாரியின் நாலாவது திருகாணி

சென்ற செவ்வாய்க்கிழமை திருமயத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். அரிமளம் பஸ் வந்து நின்றதும் கண்டக்டர் படியில் நின்றபடியே, "நர்சம்மா, வல்லத்திராக்கோட்டை கருப்பையா ஆசாரி போயிட்டாருங்க. நேத்துச் சாயந்தரமே எடுத்துட்டாங்க" என்றார். மூச்சிரைப்போடு நாலு மாதம் கிடந்தவர். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. அப்பாடா என்று ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் அவரை 'நாலாணி ஆசாரி' என்று கேலி செய்திருக்கிறீர்கள். கடையில் விற்கும் கீலில் பட்டைக்கு மூன்று ஓட்டை. அவர் நாலாவதாக ஒன்று துளைத்து, அதிலும் திருகாணி ஏற்றினால்தான் கதவை விட்டு நகருவார். கோயில் மடைப்பள்ளிக் கதவோ கோழிக்கூட்டுக் கதவோ, அவருக்கு எல்லாம் ஒன்றுதான். "ஆசாரிக்குத் திருகாணி மேல ஆசை" என்று சிரித்தீர்கள். ஆசை இல்லை. காரணம் எனக்குத் தெரியும்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அரிமளம் சாலையில் ஒரு டாக்டரம்மா சிறிய பிரசவ விடுதி ஒன்று நடத்தினார். இன்று அந்தக் கட்டடமும் இல்லை. அங்கே நான் நர்ஸ். தரை கழுவும் லைசால் போன்ற விஷ மருந்துகளைப் பூட்டி வைக்கக் குளியலறைச் சுவருக்குள் ஓர் அலமாரி பதித்தார்கள். அதற்குக் கதவு போட ஆசாரி வந்தார். கதவு வெளியே துருத்தாமல் சுவரோடு சமமாக நிற்க வேண்டும். கீல் பட்டையின் கனம் அளவுக்கே சட்டத்தை உளியால் செதுக்கி, பட்டையை அதற்குள் படுக்க வைத்தார். பிறகு ஒரு போஸ்ட்கார்டைக் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் விட்டு நாலு பக்கமும் ஓட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் கார்டு சிக்கியது. கதவைக் கழற்றி, இழைத்து, மறுபடியும் மாட்டினார். ஒரு சின்னக் கதவுக்கு இரண்டு நாள்.

எல்லாம் முடிந்ததும் ஒரு திருகாணியை என் உள்ளங்கையில் வைத்தார். மேல் கீலில் ஓர் ஓட்டை காலியாக இருந்தது. "முழுசா முடிஞ்ச வேலையில கண்ணு விழுந்துரும் நர்சம்மா. ஒண்ணு கொறை கெடக்கட்டும்" என்றார். அந்தக் காலத்தில் அவர் செய்த எல்லா வேலையிலும் இப்படி ஒரு குறை இருக்கும். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. என் அம்மா புதுப்பானையில் கரிப்பொட்டு வைக்காமல் சோறு பொங்கமாட்டாள்.

லைசால் பெரிய டின்னில் வரும். சின்னப் புட்டி உடைந்துபோனதால் ஒரு நன்னாரி சர்பத் புட்டியைக் கழுவி அதில் ஊற்றி வைத்தேன். சீட்டு ஒட்டவில்லை. நான்தானே எடுக்கப்போகிறேன், பூட்டும் இருக்கிறதே என்ற மெத்தனம்.

அந்த ஐப்பசியில் செல்லம் என்ற பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பச்சைத் தண்ணீர் ஆகாது என்று அவள் தாய் ஒரு சொட்டும் தரவில்லை. கிணற்றிலிருந்து குளியலறைக்குக் கொண்டுவந்த தண்ணீரைக்கூட மிச்சம் வைக்காமல் கொட்டிவிடுவாள். இரண்டாம் நாள் நான் புட்டியை உள்ளே வைத்து அலமாரியைப் பூட்டும்போது செல்லம் வாசலில் நின்று பார்த்தாள். "அக்கா, எனக்கு ஒரு மொடக்குக் குடுங்கக்கா" என்றாள். தண்ணீர் கேட்கிறாள் என்று நினைத்தேன். "பத்தியத்த ஒடச்சா ஒங்க ஆத்தா என்னைய வையும்" என்று சிரித்துவிட்டுப் போனேன். என் கையில் அவள் பார்த்தது சர்பத் புட்டி.

மறுநாள் விடியலில் அவளைக் குளியலறைத் தரையில், அந்தப் புட்டியின் பக்கத்தில் கண்டேன். ஈரத்தில் ஊறிய சட்டத்திலிருந்து மேல் கீல் பிடுங்கிக்கொண்டு தொங்கியது. பூட்டு பூட்டியபடியே இருக்க, கதவு கீல் பக்கமாகத் திறந்து கிடந்தது. அறை முழுதும் எப்போதும் லைசால் நாற்றம்தான். புட்டியின் நாற்றம் அவளுக்குத் தனியாகத் தெரிந்திருக்காது. வாய் வெந்துபோனதால் ஒரு வார்த்தையும் சொல்லாமல் சாயந்தரம் இறந்தாள்.

அவள் உயிரோடு இருக்கும்போதே நான் அந்தப் புட்டியைக் கொல்லைக்குக் கொண்டுபோய்த் துவைக்கும் கல்லில் உடைத்துக் குப்பைக்குழியில் போட்டேன். நிமிர்ந்தபோது எதிரே ஆசாரி, ஆயுதப் பையோடு. கதவைப் பார்க்க அவரை வரச்சொல்லியிருந்தார்கள். அவர் கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போனார்.

விசாரணையில், லைசால் சீட்டு ஒட்டிய புட்டியில்தான் இருந்தது என்று சொன்னேன். ஆசாரி, "ஒரு திருகாணி கொறச்சது நாந்தாங்க" என்றார். அது எங்கே என்று கேட்டார்கள். "தொலைஞ்சுபோச்சுங்க" என்றார். என் இடுப்புச் சுருக்குப்பையில் அது இருந்தது.

அவரை ஜெயிலுக்கு அனுப்பவில்லை. ஊரே தண்டித்தது. மூன்று வருடம் ஒரு வீட்டிலும் அவர் உளி ஏறவில்லை. அவர் மனைவி நடவுக்குப் போனாள். எனக்குச் சம்பளம் கூடியது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது என் வரையில் வெறும் பழமொழி இல்லை. பிறகு மெல்ல அவரை வேலைக்குக் கூப்பிட்டார்கள். அன்று தொடங்கியதுதான் நாலாவது திருகாணி.

போன பங்குனியில் அவரைப் படுக்கையில் போய்ப் பார்த்தேன். "ஏன் ஆசாரி அன்னைக்குச் சொல்லல?" என்று கேட்டேன். இரைப்புக்கு நடுவே நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "நான் கொறை வைக்காட்டி கதவு பிடுங்கியிருக்காது. என் பங்கு அது. ஒங்க பங்க நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்." கோபமாகச் சொல்லவில்லை. நான் அப்போதும் ஆரஞ்சுப் பழங்களை வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

செல்லத்தின் மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. அரிமளத்தில் படிக்கிறாள். அம்மாவைக் கொன்றது ஆசாரி என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அம்மா ஒங்ககிட்ட கேட்டாங்கள்ல?"

"கேட்டா."

ஆசாரியிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த ஒரு திருகாணிதான். துருப் பிடிக்காமல் எண்ணெய் தடவி வைத்திருந்தேன். அதை அவளிடம் நீட்டினேன். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அது மறுபடி என் சுருக்குப்பையில் இருக்கிறது.