ஷொகால் பேலா

சென்னையிலிருந்து மாற்றலாகிக் கல்கத்தாவுக்கு நான் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. பவானிபூரில் ஜாகை. ஒற்றைத் தலைவலி பொறுக்க முடியாமல் ஒரு டாக்டரிடம் காட்டினேன். அவர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து மருந்துக் கடைக் கம்பவுண்டர் பதினைந்து பொட்டலம் தூள் மடித்துத் தந்து, “ஷொகால் பேலா, பாபு” என்றார். என் காதில் அது ‘சகல வேளை’ என்று விழுந்தது. தினம் மூன்று வேளையும் சாப்பிட்டேன்.

தலைவலி நின்றது. ஆனால் தூக்கம் போய்விட்டது. ஆபீஸில் ஒரே வரியை இரண்டு முறை நகல் எடுத்தேன்.

“ஏன்னா, அந்த மருந்தை நிறுத்தித்தான் பாருங்களேன்” என்றாள் என் மனைவி.

“டாக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுடுத்தோ?” என்று எரிந்து விழுந்தேன்.

ஆறாம் நாள் காலை, டிராம் நின்றுவிட்டதாக நினைத்து, ஓடும்போதே காலைக் கீழே வைத்துவிட்டேன். பக்கத்திலிருந்த வங்காளி ஒருவர் கோட்டைப் பிடித்து இழுத்திராவிட்டால் இதை எழுத நான் இல்லை.

அங்கிருந்து நேரே மருந்துக் கடைக்குப் போனேன். பொட்டலம் அத்தனையும் தீர்ந்துவிட்டது, தூக்கமே இல்லை என்றேன். கம்பவுண்டர் திகைத்துப்போய், “அதில் காப்பிச் சத்து இருக்கிறது, பாபு. காலையில் ஒன்றுதானே சொன்னேன்?” என்று இங்கிலீஷில் கேட்டார். வங்காளியில் ‘ஷொகால்’ என்றால் காலையாம்.

இப்போதெல்லாம் மருந்து வாங்கினால், சூரியன் எங்கே இருக்கும்போது சாப்பிட வேண்டுமென்று கையால் காட்டச் சொல்கிறேன். கம்பவுண்டர் சிரிக்கிறார். சிரிக்கட்டும், நான் தூங்குகிறேன்.