ஹேமாவதி முருகனுக்கு விட்ட கோதுமை

அம்மையார்குப்பத்தில் ஹேமாவதியைக் கையெடுத்துக் கும்பிடாதவர்கள் குறைவு. ஆறு வருடமாக அவள் கோதுமை, மைதா, ரவை எதையும் தொடுவதில்லை. காசிக்குப் போகிறவர்கள் பாகற்காயை விட்டுவிட்டு வருவார்கள். பிடிக்காததை விடுவதற்கு எவ்வளவு தூரம் போகிறார்கள் பாருங்கள். ஹேமாவதியோ திருத்தணி மலைமேல் நின்று பரோட்டாவையே முருகனுக்கு விட்டுவிட்டாள் என்பது ஊர்ப்பேச்சு.

எதிர்வீட்டுக்காரியான எனக்கு உண்மை தெரியும். அது வியாதி. கோதுமையில் இருக்கும் க்ளூட்டன் அவள் குடலுக்கு ஆகாது. ஒரு வாய் உள்ளே போனால் மூன்று நாள் கக்கூஸே கதி. முதலில் அவள் டாக்டர் சொன்னதைத்தான் எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தாள். "டாக்டருங்க அப்பிடித்தான் சொல்வாங்க, ஒரு பூரில இன்னா ஆயிடப் போவுது?" என்று பந்தியில் ஆளாளுக்கு இலையில் வைத்தார்கள். அடுத்த கல்யாணத்தில், "முருகனுக்கு வுட்டுட்டேங்க" என்றாள். பரிமாறியவர் பூரித் தட்டோடு பத்தடி பின்னால் போய்விட்டார். பெருங்காயத்தில்கூட மைதா கலக்கிறார்கள் என்றதும், பெருங்காயம் போடாத சாம்பார் தனியாக வந்தது. வியாதிக்குக் கிடைக்காத மரியாதை பொய்க்குக் கிடைத்தது. நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

இதில் அதிகம் உருகிப்போனவள் அவள் நாத்தனார் பாஞ்சாலி. தன் மகளுக்கு வரன் அமைந்ததே ஹேமாவதி விட்ட கோதுமையால்தான் என்று அடித்துச் சொல்வாள்.

இந்த வருடம் நூல் வியாபாரி ஒருவர், தன்னிடம் நிறைய நூல் எடுக்கும் தறிக்காரர் குடும்பங்களை நான்கு நாள் பாங்காக் அனுப்பிவைத்தார். ஹேமாவதி, பாஞ்சாலி, நான் மூவரும் போனோம். வழிகாட்டி சுதாகர் சென்னைக்காரன், தாய்லாந்து பாஷை நன்றாகப் பேசுவான். முதல் நாள் மதியம் ஒரு சின்ன ஓட்டலில் ஹேமாவதி வழக்கம்போல, "எனக்கு வெரதம், கோதுமை ஆவாதுனு சொல்லுங்க" என்றாள். சுதாகர் என்னவோ சொன்னான். சமையல்காரம்மா முகம் மலர்ந்து, பழுப்பு நிறத்தில் துண்டு துண்டாக ஏதோ வதக்கிக்கொண்டுவந்து வைத்தாள்.

"அய்யய்யோ, கறி!" என்று பாஞ்சாலி அலறினாள்.

"கறி இல்லம்மா. இந்த ஊர்ல வெரதக்காரங்களுக்குனே செய்யறது. கோதுமை மாவைப் பெசஞ்சு, தண்ணில அலசி, அதுல இருக்கற சத்தை மட்டும் எடுத்து செய்வாங்க. மேல ஊத்துன சோயா சாஸ்லயும் கோதுமை உண்டு" என்றான் சுதாகர் பெருமையாக.

அதாவது, டாக்டர் எதைத் தொடாதே என்றாரோ அதை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்துத் தட்டில் வைத்திருந்தார்கள்.

"கோதுமை வேணாம்னு சொன்னீங்களா?" என்று ஹேமாவதி கேட்டாள்.

"வெரதம்னு சொன்னேன், அதுவே போதும்னு நெனச்சேன்." மறுபடி கேட்டுவிட்டு வந்தான். "எல்லாத்துலயும் அந்த சாஸ் இருக்குதாம். துளி பட்டா சாமி கோவிச்சிக்காதுனு சொல்றாங்க."

ஹேமாவதி பாஞ்சாலியைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் ஆறு வருட மரியாதை போகும். திறக்காவிட்டால் நான்கு நாளும் பட்டினி, இல்லையென்றால் கக்கூஸ்.

"சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றாள். "வியாதினு சொல்லுங்க. ஒரு சொட்டு உள்ள போனாலும் படுத்துடுவேன்னு சொல்லுங்க."

சுதாகர் சொன்னான். அந்தம்மா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போனாள். வாணலியைத் தேய்த்துக் கழுவி, வேறு கரண்டி எடுத்து, முட்டையும் உப்பும் மட்டும் போட்டுச் சோறு வறுத்தாள். முன்பின் தெரியாத ஒருத்தி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பாஞ்சாலி சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். "அப்போ எம் பொண்ணு கல்யாணம்?"

"அது அவளே பாத்து வச்சிருந்த பையன் அண்ணி" என்றாள் ஹேமாவதி.

பாஞ்சாலி தண்ணீர் குடித்தாள். கத்தப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ஊருக்குப் போயி இத யார்கிட்டயும் சொல்லாத" என்றாள் மெதுவாக. "முருகனுக்கு வுட்டதாவே இருக்கட்டும். வியாதினு சொன்னா எவ மதிப்பா? நானே மதிக்கலயே."