எல்லை கட்டுகிறவர்

"எப்பப் பாத்தாலும் அந்தப் புத்தகத்துலயே கெடக்கியே, என்னம்மா அது?" என்று முத்துக்கருப்பன் கேட்டார். அவருடைய மருமகள் ரோகிணி என் கல்லூரித் தோழி. அவளைப் பார்க்க ஆனையூரிலிருந்து போயிருந்தேன்.

ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு ஜெர்மானியப் பிரபுவின் வரலாறு, தமிழில் எழுதுகிறேன் என்றேன். "ராஜா அவருக்கு எல்லையக் காக்குற உரிமையக் குடுத்தாருங்கய்யா. அந்தப் பக்கத்துத் தலைவருங்கள விருந்துக்குக் கூப்பிட்டுக் கொன்னாராம்."

"சோத்தப் போட்டா வெட்டுனான்? நம்ம ஆளுகளே தேவல." சிரித்தார். "பிள்ளைக?"

"மகன் அவருக்கு முன்னாடியே செத்துட்டாரு."

சிரிப்பு நின்றது. "அப்புறம்?"

"கன்னியாஸ்திரிங்களுக்கு ஒரு மடம் கட்டி, மருமகளை அதுக்குத் தலைவியாக்கினாரு."

அடுப்படியில் ரோகிணியின் பாத்திரச் சத்தமும் நின்றது.

முத்துக்கருப்பன் குடும்பத்துக்கு நிலம் கொஞ்சம்தான். உரிமை ஒன்று இருந்தது. திருவிழாவுக்குக் காப்புக் கட்டியதும், தலையில் பரிவட்டத்தோடு ஊர் எல்லை நெடுக பலி ரத்தத்தில் பிசைந்த ரத்தச்சோறு தூவி வருவது. கண்மாய்க்கு மேற்கே ஒரு வரப்பை அடுத்த ஊரும் தன் எல்லை என்றது. அந்த வரப்பில் புல்கூட ஒழுங்காக முளைக்காது. அதற்காக இளவயதில் ஒருவன் கையை வெட்டிச் சிறைக்குப் போனார். திரும்பியபோது ஊர் மாலை போட்டது.

முட்டி தேய்ந்ததும் பரிவட்டம் மகன் அழகுபாண்டிக்கு வந்தது. அவனியாபுரத்தில் பட்டறை வைத்திருந்தவன். "அந்த வரப்ப மட்டும் விட்டுட்டு வந்துரவாப்பா?" என்று கேட்டிருக்கிறான்.

"அப்ப வளையல மாட்டிக்கிட்டு வீட்ல கெட."

போனான். வரப்பிலேயே குத்திப் போட்டார்கள்.

அந்தக் கொலையோடு நின்றுபோன திருவிழாவை இந்த வருடம் நடத்த ஊர் முடிவு செய்தது. பங்காளிகள் வந்தார்கள். "பேரனுக்குக் கட்டுவோம்ணே. ஆறு வயசுதான, தூக்கிக்கிட்டே போறோம்." அவர் பேசாமல் இருந்தார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். தாய்வீட்டுக்குப் போகிறேன் என்று அழுத ரோகிணியையும் பங்காளிகள் விடவில்லை. காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிகிறவரை ஊரார் யாரும் வெளியூரில் தங்கக் கூடாது.

போன மாதம் அவர் இறந்தார். பேரன் ஊரில் இல்லாததால் பங்காளி மகன் கொள்ளி வைத்தான். ஊர் அதைக் கேவலமாகப் பேசியது.

புத்தகத்தைப் பற்றிக் கேட்ட அன்று, பஸ் நிறுத்தம்வரை நொண்டிக்கொண்டே கூட வந்தார். பஸ் தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"செவ்வாக்கெழம காப்பு. அதுக்கு முன்னாடி ஒரு ஆட்டோ கூட்டிட்டு வா தாயி. ஒங்க வீட்ல விசேசம்னு சொல்லி ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயி ஆரப்பாளையத்துல பஸ் ஏத்திவிட்டுரு. எந்த ஊருன்னு எங்கிட்டச் சொல்லாத. தெரிஞ்சா நானே போயி இழுத்துட்டு வந்துருவேன்."