பஸ்ஸில் திரும்பி வந்த என் பாட்டு

அமெரிக்காவை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அந்த ஊர் மாட்டுக்காரர்களின் பாட்டென்றால் அப்பாவுக்கு உயிர். பினாங்குத் தீவில், எங்கள் சுங்கை பினாங் வீட்டில் காலையில் தேவாரம், சாயங்காலம் ரேடியோவில் அந்தக் கன்ட்ரி பாட்டு. இரண்டையும் கேட்டு வளர்ந்த தொண்டை இது. ஒருமுறை கோயிலில் தேவாரத்தையே கன்ட்ரி பாட்டு மாதிரி மூக்கால் இழுத்துப் பாடிவிட்டேன். அம்மா தொடையில் நறுக்கென்று கிள்ளினார். வெளியே வந்ததும் அப்பா, "நல்லாதான்லா இருந்துச்சி," என்றார். அவருடைய பழைய கிடாரையும் என்னிடமே கொடுத்துவிட்டார்.

எண்பதுகளில் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் எனக்கு ஷிப்ட் வேலை. சனிக்கிழமைகளில் கடலோர ஹோட்டல் ஒன்றில் பாடுவேன். அப்போதுதான் சொந்தமாக ஒரு பாட்டுக் கட்டினேன். விடியுமுன் ஃபேக்டரி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்களைப் பற்றிய பாட்டு. வார்த்தை தமிழ், மெட்டு கன்ட்ரி. ஹோட்டல் பேண்ட் தலைவரிடம் பாடிக் காட்டினேன்.

"தங்கச்சி, ஆளுங்களுக்குத் தெரிஞ்ச பாட்டப் பாடு. உன் பாட்ட யாரு திருப்பிப் பாடப் போறா?"

எனக்குச் சுருக்கென்றது. நானா விடுகிற ஆள்? ஒரே ஒருத்தியாவது திருப்பிப் பாடாமல் போகமாட்டாள் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

அந்த வருடம் ஃபேக்டரி விருந்தில் கிடாரோடு மேடையேறி அதையே பாடினேன். முதலில் கரண்டிச் சத்தம்தான் கேட்டது. இரண்டாம் அடிக்குள் பெண்கள் சாப்பாட்டை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். கைதட்டலுக்குக் குறைவில்லை. ஆனால் மறுநாள் யாரும் அந்தப் பாட்டைப் பற்றிப் பேசவே இல்லை. பேண்ட் தலைவர் சொன்னதுதான் சரியோ என்று மனசு விட்டுப் போனது.

சில மாதம் கழித்து ஷிப்ட் மாறியது. முதல் நாள், முன்பின் தெரியாத பெண்களோடு பஸ் ஏறினேன். கடைசி சீட்டில் நாலைந்து பேர் பாடிக்கொண்டு வந்தார்கள். என் பாட்டு! உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நானும் சேர்ந்து பாடினேன்:

"விடியும் முன்னே பஸ்ஸு வருது, என் தூக்கம் வீட்டில் நிக்குது..."

ஒருத்தி சட்டென்று திரும்பினாள்.

"அக்கா, தப்பாப் பாடுறீங்க. 'என் தூக்கமும் கூட ஏறுது.' அப்படித்தான்லா பாட்டு."

பெருமை எனக்குப் பிடிபடவில்லை. எழுதியவளே நான்தான் என்று சொல்ல வாய்வரை வந்தது. ஆனால் அவள் அடிதான் என் அடியைவிட நன்றாக இருந்தது.

"சரிம்மா, முதல்லேர்ந்து சொல்லிக் குடு," என்று அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.