சிறுத்தை தங்கும் இடத்துக்கு ஒரு ரஷ்யச் சொல்

புத்தூர்ப் பக்கத்துத் தேவசேனா டாக்டராக வேண்டும் என்று ரஷ்யா போனவள். படித்து முடித்துத் திரும்பினாள். வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே மருத்துவம் பார்க்க எழுத வேண்டிய தேர்வு மட்டும் கடைசி வரை தேறவில்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? அவளும் காதில் வாங்காமல், காட்டுயிர் அறிக்கைகளை ஆங்கிலத்திலிருந்து ரஷ்ய மொழிக்கு மாற்றிப் பிழைத்துக்கொண்டிருந்தாள்.

அதில் அவளைப் படுத்தி எடுப்பவை இடத்தைக் குறிக்கும் சொற்கள்தான். ஓர் இனம் பரவியிருக்கும் நிலம் முழுக்க ஆங்கிலத்தில் ரேஞ்ச். ஒற்றை மிருகம் சுற்றி வரும் இடமும் ரேஞ்ச்தான். ரஷ்ய மொழியில் முதலாவது அரியால், இரண்டாவது உச்சாஸ்தக். மாற்றிப் போட்டால் ஒரு சிறுத்தைக்கு ஆசியாவையே எழுதிவைத்தது போல ஆகிவிடும்.

அன்று காலை வந்தது நம் பக்கத்துச் சிறுத்தை ஒன்றைப் பற்றிய அறிக்கை. போகும் இடத்தையெல்லாம் வரைபடத்தில் புள்ளியாகக் காட்டும் பட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்ட பெண் சிறுத்தை. அது அதிகம் தங்கும் இடத்துக்குச் சொல் தேடினாள். அங்கே அது என்ன செய்கிறது என்று தெரியாமல் அவள் எந்தச் சொல்லையும் போடமாட்டாள். படித்தாள். குட்டி போட்டிருக்கிறதாம். வரைபடத்தைப் பெரிதாக்கினாள். ரயில் பாதை, ஏரி, அப்புறம் ஒரு மாந்தோப்பு. அவர்களுடைய தோப்பு. புள்ளிகள் மொய்த்திருந்தது மோட்டார் ரூமுக்குப் பின்னால் இருந்த பாறையில்.

அப்பா செங்கல்வராயன் தண்ணீர் பாய்ச்ச அங்கேதான் போயிருந்தார். வண்டியில் முன்னால் அவளுடைய ஆறு வயது மகள் கீர்த்தி. போனை அவர் எடுக்கவில்லை. ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு போனாள்.

கீர்த்தி தொட்டியில் தண்ணீரை அளைந்துகொண்டிருந்தாள். அவளை வாரித் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் பதறவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

"குட்டி போட்டதிலேர்ந்தே தெரியும்மா. சொன்னா ஊரே தடி எடுத்துக்கினு வரும்னு வாய மூடிக்கினு இருந்தேன்."

தேவசேனாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "தெரிஞ்சுமா நைனா எம்பொண்ண இட்டுக்கினு வந்த?"

அவர் மண்வெட்டியைக் கீழே போட்டார்.

"இவ வாய் ஓயாம பேசிக்கினே வருவா. சத்தம் கேட்டா அது கிட்ட வராது. தனியா வர எனக்கு பயமா இருந்திச்சிம்மா."